எதை வேண்டுவதென்று தெரியாமல் பதினான்கு கிலோமீட்டர்

செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை, காலை ஆறே கால் மணி. வேலூர் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. தூரம் எண்பத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் எழுபது ரூபாய். பையில் இரண்டு புடவை, ஒரு துண்டு, முழங்காலுக்குத் தைலம், ஒரு நாற்பது பக்க நோட்டு. அந்த நோட்டில் டென்னிஸ் விதிகளை எழுதி வைத்திருந்தேன். கிரிவலம் போகிறவர்கள் எதையெதையோ எடுத்துப்போவார்கள், இதை யாரும் எடுத்துப்போயிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நான் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். என் மகன் இளங்கோ டென்னிஸ் ஆடுகிறவன், அவனுக்கும் வயது முப்பத்தொன்று. நாடும் நாடும் மோதும் ஆண்கள் அணிப் போட்டி ஒன்று இருக்கிறதே, டேவிஸ் கோப்பை, அதற்கான இந்திய அணியில் இந்த வருடம்தான் அவனுக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. இடம் என்றால் பெஞ்சில் இடம். யாருக்கோ தோள்பட்டை வலி, யாருக்கோ கணுக்கால் சுளுக்கு, அதனால் ஐந்தாவது ஆளாக இவனைச் சேர்த்தார்கள். அணியோடு போகலாம், ஒரே மாதிரி ஜாக்கெட் போட்டுக்கொள்ளலாம், துண்டு எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் களத்தில் இறங்கி ஒரு ஆட்டமாவது ஆடினால்தான் நாட்டுக்காக ஆடியவர்கள் பட்டியலில் பெயர் ஏறும். அக்டோபரிலிருந்து பெங்களூரில் பயிற்சியாளர் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டான். அதோடு ஆட்டத்தை நிறுத்திவிடப்போகிறான். ஆக, இந்தச் சனி ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு.

எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் உண்டு: நான் பார்த்தால் அவன் தோற்பான். பதினாலு வயசில் ஆரம்பித்தது, இன்றுவரை பெரும்பாலும் தப்பவில்லை. அதனால் அவன் அப்பா வீட்டில் உட்கார்ந்து போனில் பார்ப்பார், நான் எங்கேயாவது போய்விடுவேன். பிப்ரவரியில் நடந்த சுற்றின்போதும் இதே மலையைத்தான் சுற்றினேன். ‘நம்ம அணி ஜெயிக்கணும்’ என்று வேண்டினேன். அட்சரம் பிசகாமல் பலித்தது. மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தார்கள், இளங்கோ இரண்டு நாளும் துண்டு மடித்தான். அவன் ஆடவேண்டும் என்று நான் கேட்கவில்லையே! கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விடை எழுதுகிற பிள்ளைகளை எத்தனை முறை திட்டியிருப்பேன், கடைசியில் நானே அதைச் செய்துவிட்டு நின்றேன்.

அதற்காகத்தான் இந்த முறை நோட்டு. கண்ணமங்கலம் தாண்டியதும் எடுத்துப் புரட்டினேன். வருடத்தில் இரண்டு வார இறுதிதான் இந்த ஆட்டம், பிப்ரவரியில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஐந்து ஆட்டம். சனிக்கிழமை இரண்டு ஒற்றையர். ஞாயிற்றுக்கிழமை முதலில் இரட்டையர், பிறகு இரண்டு ஒற்றையர். மூன்று ஜெயித்த நாடு ஜெயித்தது. முதல் மூன்று ஆட்டத்தையும் ஒரே நாடு ஜெயித்துவிட்டால், முடிவு தெரிந்த பிறகும் சம்பிரதாயத்துக்கு நான்காவது ஆட்டத்தை ஆடுவார்கள். அதில் கேப்டன் பெஞ்சில் இருக்கிறவனை இறக்குவார். நான்காவதில்தான் முடிவு தெரிகிறது என்றால் ஐந்தாவதே கிடையாது. இளங்கோவுக்கு ஒரே வழி, மூன்றுக்குப் பூஜ்யம். ‘நம்ம அணி மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயிக்கவேண்டும்’ என்று பென்சிலால் எழுதி அடிக்கோடு போட்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு வேலூர் போகிற பஸ்களை எண்ணத் தொடங்கினாள்.

காலை ஒன்பது மணி. பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்கம் ரோட்டுக்கு ஆட்டோ, டிரைவர் நூற்றிருபது கேட்டு நூறுக்கு வந்தார். ரமணாசிரமத்துக்கு எதிர்ச் சந்தில் பர்வீனின் வீடு. மாடியில் நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறாள், ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய். அவள் கணவர் வீட்டார் நாலைந்து தலைமுறையாக இந்த ஊர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர்கள். பிப்ரவரியில் தங்கியதில் எங்களுக்குள் நல்ல பழக்கம்.

“வாங்க டீச்சர். பையன் இந்த வாட்டியாச்சும் ஆடுறானா?”

“அதைக் கேக்கத்தான் வந்திருக்கேன் பர்வீன்.”

“கேளுங்க, கேளுங்க. பௌர்ணமி இல்ல, கூட்டம் கம்மி. உங்க குரல் நல்லா கேக்கும்.”

எதிர்ச்சாரியில் வெளிநாட்டுக்காரர்கள் உட்காரும் ஒரு கடையில் மூலிகைத் தேநீர் தொண்ணூறு ரூபாய். நான்கு கடை தள்ளி காபி இருபது ரூபாய். நான்கு கடை நடந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வேலூரிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். முதல் ஒற்றையரில் தோல்வி. ஏழே முக்காலுக்கு மறுபடியும் செய்தார். இரண்டாவதிலும் தோல்வி. எந்த நாட்டோடு என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எந்த வருடம் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், என் பையன் என்னோடு பேசமாட்டான். அங்கே மணி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பது மட்டும் போதும்.

“ரெண்டுக்கு ஜீரோ, அவங்களுக்கு,” என்றார் வீட்டுக்காரர். “நாளைக்கு டபுள்ஸும் போச்சுன்னா அவ்ளோதான். அடுத்த வருஷம் நம்மள கீழ் பிரிவுல தள்ளிடுவாங்க. நல்லா வேண்டிக்க.”

‘சரி’ என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நாளைக்கு இரட்டையரில் நாம் ஜெயித்தால் நான்காவது ஆட்டம் உயிரோடு இருக்கும், அதில் பெரிய ஆட்டக்காரர்தான் இறங்குவார். தோற்றால் மூன்றுக்குப் பூஜ்யம். என் பையன் ஆடுவான். நோட்டை எடுத்து அடிக்கோடு போட்ட வரியைப் பார்த்தேன். ‘ஜெயிக்கவேண்டும்’ என்ற ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும், கணக்கு சரியாக வந்துவிடும். பென்சிலை எடுக்கக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டே முக்கால். சுள்ளென்று வெயில். செருப்பை அறையிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். பர்வீன் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்த நேரத்துல யாராச்சும் சுத்துவாங்களா டீச்சர்? கால் வெந்துடும்.”

“மூணரைக்கு டபுள்ஸ் ஆரம்பம். அப்போ நான் நடந்துட்டிருக்கணும்.”

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். மிளகாயைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். “நான் துவா கேட்டா, எது நல்லதோ அது நடக்கட்டும்னு விட்டுடுவேன் டீச்சர். டீட்டெய்லு ஜாஸ்தி குடுத்தா நம்மதான் மாட்டிக்குவோம்,” என்றாள். நல்ல பேச்சுதான். ஆனால் ஸ்டெப் எழுதாமல் நேரே விடைக்குப் போவது எனக்குப் பழக்கமில்லை.

மலையைச் சுற்றும் பாதை பதினான்கு கிலோமீட்டர், வழியில் எட்டு லிங்கங்கள். எமலிங்கத்தின் முன்னால் நின்றபோது மணி மூன்று பத்து. கண்ணை மூடினேன். ‘இளங்கோ ஆடணும்’ என்று ஆரம்பித்தேன். அப்படிக் கேட்டால் அதற்குள்ளேயே ‘நாடு தோற்கணும்’ என்பதும் சேர்ந்து போகிறது. ‘நாடு ஜெயிக்கணும்’ என்றால் பெற்ற பிள்ளைக்கு நானே கதவைச் சாத்துகிறேன். பின்னால் ஒரு குடும்பம் கற்பூரத்தோடு காத்துக்கொண்டிருந்தது. ‘கொஞ்சம் நகருங்கம்மா’ என்றார்கள். எதையும் கேட்காமலேயே நகர்ந்தேன். நிருதிலிங்கத்திலும் அப்படியே. அங்கே ஒரு எலுமிச்சை ஜூஸ் குடித்தேன், இருபது ரூபாய், சர்க்கரை அதிகம்.

மூன்றரை மணிக்கு மேல் வீட்டுக்காரர் செய்தி அனுப்பத் தொடங்கினார். ‘முதல் செட் போச்சு 4-6.’ படித்ததும் என் நடை வேகமானது. அரை மணி கழித்து ‘ரெண்டாவது செட் நமக்கு 7-5!!!’ என்று மூன்று ஆச்சரியக்குறி. உடனே கால் வலித்தது. வலி முழங்காலில்தான் இருந்தது என்று இப்போதும் சாதிப்பேன், ஆனால் நேரம் சரியாக இருக்கிறது.

மணி ஐந்தே கால், அடி அண்ணாமலை. பெரும்பாலும் விவசாயம் செய்கிற ஊர், பாதையோரத்தில் இருக்கிற கடைகள் எங்களைப் போன்றவர்களுக்காக. ஏழுமலை என்பவருடைய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன், டீ பதினைந்து ரூபாய். அறுபது வயது இருக்கும். கழுத்தில் துண்டு, சட்டைப் பையில் பெரிய போன். என் போனில் மறுபடியும் செய்தி: ‘மூணாவது செட் 6-6. டை பிரேக்.’ நான் வாய்விட்டு ‘ஐயோ’ என்றுவிட்டேன்.

“என்னாம்மா, ஊர்ல ஏதாச்சும் பிரச்சினையா?” என்றார் ஏழுமலை.

“இல்லைங்க. டென்னிஸ். இந்தியா ஆடுது.”

“இந்தியாவா? எங்க, கிரிக்கெட்டே காணோமேன்னு பாத்தேன். இருங்க.” போனை எடுத்துத் தேடிப் பிடித்து, பிஸ்கட் டப்பாவில் சாய்த்து வைத்தார். கிரிவலம் வந்த நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் பார்க்கலாமா, கூடாதா? நான் பார்த்தால் அவன் தோற்பான் என்பது சரி, அவன்தான் ஆடவில்லையே. எங்கள் வீட்டுத் தீர்மானத்தில் இப்படி ஒரு நிலைமைக்கு விடை இல்லை. பார்த்தேன்.

டை பிரேக்கில் முதலில் ஏழு புள்ளி எடுக்கிறவர்களுக்கு செட். நாம் ஐந்து, அவர்கள் நான்கு. கடையில் சத்தம். ஒரு புள்ளி முடிந்ததும் கேமரா இந்திய பெஞ்சைக் காட்டியது. இளங்கோ நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் முஷ்டியாக்கி, கழுத்து நரம்பு தெரியக் கத்திக்கொண்டிருந்தான். சத்தம் கேட்கவில்லை, வாய் மட்டும் தெரிந்தது. இவர்கள் ஜெயித்தால் அவனுக்கு ஆட்டம் இல்லை. அது அவனுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் அப்படிக் கத்தினான்.

ஐந்து–ஐந்து. பந்து நம் பக்கம் வலையில் விழுந்தது. ஐந்து–ஆறு. கடையில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் குளிர்ந்தது உண்மை. அடுத்த புள்ளியில் நம் ஆள் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போனது. ஆட்டம் முடிந்தது. நாடு தோற்றது.

இளங்கோ பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்குவது தெரிந்தது. கேப்டன் வந்து அவன் முதுகைத் தட்டிக் காதில் ஏதோ சொன்னார். அவன் தலையாட்டினான், ஆனால் துண்டை எடுக்கவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“வுடுங்கம்மா, ஆட்டம்னா அப்டிதான்,” என்றார் ஏழுமலை. “நாடு தோத்ததுக்கு இப்டி அழுவுறவங்கள இப்பதான் பாக்கறேன்.”

“அதுக்கு இல்லைங்க. அதோ, துண்டு போத்திக்கினு உக்காந்திருக்கானே, அவன் என் பையன். அடுத்த ஆட்டம் அவன்தான்.”

கடையே எழுந்துவிட்டது. “அட, உங்க புள்ளையா! இந்தியா டீம்லயா!” ஏழுமலை டீக்காசை வாங்க மறுத்தார். இன்னொரு டீ போடச் சொல்லி, உட்காருங்கம்மா, சேர்ந்து பார்ப்போம் என்றார். நான் எழுந்து பையை மாட்டிக்கொண்டேன்.

“நான் பாத்தா அவன் தோத்துடுவாங்க. நீங்க பாருங்க.”

“பெத்தவ நீங்க பாக்காம நாங்க பாக்கறதா? என்னாம்மா இது?” என்று அவர் திகைத்துப் போய்க் கேட்டார். எனக்கே புரியாததை அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? மணி ஐந்தரை. நடந்தேன்.

அதற்குப் பிறகு எட்டு கிலோமீட்டர். ஆறு மணிக்கு மேல் தூறல் போட்டது. குபேரலிங்கத்தில் நல்ல கூட்டம், வரிசையில் நிற்காமல் வெளியிலிருந்தே கும்பிட்டேன். கை குவிந்ததே தவிர உதட்டில் ஒன்றும் வரவில்லை. நாடுதான் ஏற்கெனவே தோற்றாகிவிட்டதே, இனி இவன் ஜெயிக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு? தப்பே இல்லை. ஆனாலும் கேட்க முடியவில்லை. ஒரு தரம் நினைத்ததற்கு உடனே கூலி கொடுத்துவிட்டவரிடம் மறுபடி கையேந்துவதற்குப் பயமாக இருந்தது. ஆக, இந்த முறை மலையை முழுதாகச் சுற்றியும் நான் வாய்திறந்து எதையும் வேண்டவே இல்லை.

ஏழே கால் மணி, ஈசான்யலிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், போன்.

“ஜெயிச்சுட்டான்,” என்றார் வீட்டுக்காரர். குரல் உடைந்திருந்தது. “நேர் செட். ஆறு நாலு, ஆறு நாலு. நாம தோத்துட்டோம், இவன் ஜெயிச்சுட்டான். நான் இப்ப சிரிக்கணுமா அழுவணுமா? நீதானே கணக்கு டீச்சரு, சொல்லு.”

“பேர் ஏறிடுச்சு இல்லைங்க?”

“ஏறிடுச்சு, ஏறிடுச்சு. ஆனா ஒண்ணு. கடைசி பாயிண்ட் முடிஞ்சு கை குடுத்தான், பையத் தூக்கினான், போயிட்டான். சிரிக்கவே இல்ல.”

நடைபாதை ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பத்து வருடம் விடியற்காலை நாலரைக்கு எழுந்து அவனை ஸ்கூட்டரில் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டவள் நான். இந்த ஒரு நாளுக்காகத்தான். வந்துவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டியவள், ஈரப் புடவையோடு உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அறைக்குத் திரும்பியபோது அவனிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்திருந்தது: ‘ஆடிட்டேன்மா.’ அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பர்வீன் சேமியா பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். ‘சந்தோஷம்தானே டீச்சர்?’ என்று கேட்டாள். ‘சந்தோஷம்தான்’ என்று சொல்லிக் குடித்துவிட்டேன்.

திங்கள்கிழமை காலை எட்டு மணி, வேலூர் பஸ். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது இளங்கோ கூப்பிட்டான். விமான நிலையத்தில் இருப்பதாகச் சொன்னான். அங்கே இன்னும் விடியக்கூட இல்லை. நன்றாக ஆடினாயாமே என்றேன். ம் என்றான். சாப்பிட்டாயா என்றேன். அதற்கும் ம். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

“அம்மா, ஒண்ணு சொல்லட்டா? அப்பாகிட்ட சொல்லாத.”

“சொல்லுடா.”

“டபுள்ஸ்ல அஞ்சு அஞ்சு இருக்கறப்போ, ஒரு செகண்ட், இவங்க தோத்துட்டா நல்லாருக்கும்னு தோணிச்சும்மா. வெளிய கத்திக்கினுதான் இருந்தேன். உள்ள அப்படித் தோணிச்சு. உடனே ரெண்டு பாயிண்ட்டும் போச்சு. நாலு பசங்களும் டிரெஸ்ஸிங் ரூம்ல எனக்குக் கை தட்டறானுங்க. அவனுங்க மூஞ்சிய என்னால பாக்க முடியல. நானே தோக்கடிச்ச மாதிரி இருக்கு.”

அவன் அழுகிறான் என்று தெரிந்தது. முப்பத்தொரு வயது ஆண், எந்த ஊர் விமான நிலையத்திலோ, யார் யார் பார்க்கிறார்களோ. எனக்கு யோசிக்க நேரம் இல்லை.

“அது நீ நினைச்சது இல்லடா,” என்றேன். “நான் இங்க வேண்டிக்கிட்டது.”

“என்னா?”

“மூணுக்கு ஜீரோன்னு தோக்கணும், என் பையன் ஆடணும்னு மலைய சுத்தி எட்டு லிங்கத்துலயும் சொல்லிச் சொல்லி வேண்டினேன். எட்டு வாட்டி. அதான் அங்க வந்து ஒரு செகண்ட் உன்னப் புடிச்சிருக்கு. உன்மேல தப்பு இல்ல.”

 

“உனக்கு அறிவிருக்காம்மா?” என்றான். “நாட்டுக்கு ஆடறோம், நீ என்னான்னா கோயில்ல போயி தோக்கணும்னு வேண்டறியா? நான் ஆடலன்னா என்னா கொறஞ்சா போச்சு? யாரு உன்ன கேட்டாங்க?”

அழுகை நின்று குரல் நிமிர்ந்திருந்தது. பஸ் கிளம்பியது. போளூர் வரும்வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தான், நான் ‘ம்’ கொட்டிக் கேட்டுக்கொண்டே வந்தேன்.